அமெரிக்கக் கிட்டார் கலைஞர் பி.பி. கிங் வேகமாகவே வாசித்ததில்லையே, ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

வேகத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். அவர் பாடும்போது கிட்டார் வாசிக்க மாட்டார். ஒரு வரி பாடி நிறுத்துவார், அடுத்த வரியைக் கிட்டார் பாடும். இடது கையைக் கவனியுங்கள்: கம்பியை அழுத்தியபடியே பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றுவார். அப்புறம் கை படபடவென ஆடும், சுரம் தொண்டைக்குரல் போல நடுங்கும். வீணை கேட்ட காதுக்கு இது அந்நியமாக இருக்காது.

கிட்டாருக்குப் பெயர் லூசில். 1949இல் ஆர்கன்சாவின் ட்விஸ்ட் என்ற ஊரில், இருவர் சண்டையில் மண்ணெண்ணெய்க் கணப்பு கவிழ்ந்து, அவர் வாசித்துக்கொண்டிருந்த நடன அரங்கம் தீப்பிடித்தது. வெளியே தப்பிய கிங் கிட்டாரை எடுக்கத் திரும்ப உள்ளே ஓடினார்! சண்டைக்குக் காரணமான பெண்ணின் பெயர்தான் லூசில். இனி அப்படியொரு முட்டாள்தனம் கூடாது என்று தனக்கே நினைவூட்ட அந்தப் பெயரை வைத்தாராம்.

சரி, எங்கே தொடங்குவது? 1964இல் சிகாகோவில் பதிவான ‘லைவ் அட் தி ரீகல்’ என்ற மேடைக் கச்சேரி ஆல்பம். கூட்டத்தின் கூச்சலையும் சேர்த்துக் கேளுங்கள்.