ஏசி குடுத்தா மாலிக்யூல் பல்டி அடிக்காதா?

வணக்கம் சார், எல்சிடி பத்தி நீங்க எழுதினத படிச்சேன். டைபோல் (ஒரு முனை ப்ளஸ், மறு முனை மைனஸ்) இருக்கற மாலிக்யூல எலெக்ட்ரிக் ஃபீல்டு திருப்புதுன்னா, ஸ்க்ரீனுக்கு ஏசி (திசை மாறி மாறி வர்ற வோல்டேஜ்) தானே குடுக்கறாங்க, ஃபீல்டு திசை மாறும்போதெல்லாம் அதுவும் தலைகீழா பல்டி அடிக்கணுமே? அப்புறம் எல்லா டைபோலும் ஒரே பக்கம் பாக்கற புது லிக்விட் கிரிஸ்டல் வந்திருக்காமே, அத வச்சு டிவி வருமா?
— ஒரு வாசகர், பெரம்பூர்

வணக்கம். கேள்வி சூப்பர், நிறைய பேர் இத யோசிக்காமலே தாண்டிடறாங்க.

பல்டி அடிக்காது. கல்யாண மண்டபத்துல ராத்திரி பாய் விரிச்சு வரிசையா படுத்திருப்பாங்கல்ல, எல்லாரும் ஒரே கோட்டுக்கு இணையா, ஆனா பாதி பேர் தலை கிழக்க, பாதி பேர் தலை மேற்க, சாதா நெமாட்டிக், அதாவது எல்சிடில இருக்கற வகை லிக்விட் கிரிஸ்டல், அப்படித்தான். டைபோலெல்லாம் ஒண்ணுக்கொண்ணு கேன்சல் ஆயிடும். மிச்சம் இருக்கறது என்னன்னா நீளவாக்குல மாலிக்யூல் ஈஸியா போலரைஸ் ஆகும் (ஃபீல்டு பட்டா ப்ளஸ், மைனஸ் சார்ஜ் கொஞ்சம் விலகும்), குறுக்க அவ்வளவா ஆகாது, அந்த வித்தியாசத்த பிடிச்சு தான் ஃபீல்டு திருப்புது, அந்த எனர்ஜி ஃபீல்டோட வர்க்கத்துல போறதால ப்ளஸ் மைனஸ் மாறினாலும் ஒரே எஃபெக்ட் தான். ஏசி குடுக்கறதே டிசி குடுத்தா அயனிங்க ஒரு பக்கம் போய் சேர்ந்து பேனல கெடுக்கும்னு தான்.

இன்னொண்ணு, ஃபீல்டு தனியா ஒரு மாலிக்யூல திருப்பறதும் இல்ல. 5சிபி-ங்கற நெமாட்டிக்ல ஸ்க்ரீன் அளவு ஃபீல்டுக்கு ஒரு டைபோலுக்கு கிடைக்கற எனர்ஜி, வெப்ப ஆட்டத்துல நூறுல ஒரு பங்கு கூட வராது. கூட்டமா சேர்ந்து திரும்பறதால தான் 1 வோல்ட்டுக்கும் கம்மியிலயே அசைய ஆரம்பிக்குது, அதுவும் லேயர் எவ்ளோ தடிமனா இருந்தாலும் அதே வோல்டேஜ் தான்! (5சிபி சுமார் 35 டிகிரிக்கு மேல சாதா திரவமாயிடும், நம்ம மெட்ராஸ் மே மாசத்துக்கு ஆகாது, அதான் பேனல்ல கலவையா போடறாங்க.)

நீங்க கேட்ட புதுசு, ஃபெர்ரோஎலெக்ட்ரிக் நெமாட்டிக், அதாவது ஃபீல்டு இல்லாமயே டைபோலெல்லாம் ஒரே பக்கம் பாக்கற வகை. 1916லயே இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன் இப்படி ஒண்ணு இருக்கலாம்னு சொன்னாரு, 2017ல பிரிட்டன்லயும் ஜப்பான்லயும் தனித்தனியா அதுக்கான பொருள் கிடைச்சுது, 2020ல அமெரிக்காவோட கொலராடோ குழு ஆர்எம்734-ங்கற பொருள்ல அது ஃபெர்ரோஎலெக்ட்ரிக் தான்னு காட்டினாங்க. இங்க எல்லார் தலையும் ஒரே பக்கம், அதனால ஃபீல்ட திருப்பினா நிஜமாவே பல்டி தான், அதுவும் சென்டிமீட்டருக்கு 1 வோல்ட் மாதிரி துக்கடா ஃபீல்டுக்கே.

டிவி? ஆர்எம்734 அந்த நிலைக்கு வர்றதே 130 டிகிரி கிட்ட தான், ரூம் டெம்பரேச்சர்ல வேல செய்யற கலவைங்க அப்புறம் வந்தாச்சு. ஆனா அவ்ளோ பெரிய போலரைசேஷன் (எல்லா டைபோலும் ஒரே பக்கம் கூடி வர்ற மொத்தம்) இருந்தா அதோட சார்ஜே நாம குடுக்கற ஃபீல்ட மறைச்சிடும், இப்ப இருக்கற பேனல்ல அப்படியே ஊத்திட முடியாது, என்ன கேட்டா டிவிக்கு முன்னாடி லேசர், ஆப்டிக்ஸ் பக்கம் தான் இது மொதல்ல போகும்.