அரைக்கட்டை இறங்கிய விவால்டி

கேள்வி: இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் ஏ மைனர் வயலின் கான்செர்ட்டோ (ஓபஸ் 3, எண் 6) பழகுகிறேன். பரோக் கால (விவால்டி காலத்து) வாத்தியங்களில் வாசித்த சி.டி.யோடு சேர்ந்து வாசித்தால், சி.டி. அரைக்கட்டை கீழே நிற்கிறது. பிளேயர் கோளாறா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: உறையில் அச்சிட்ட நேரத்தைக் கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். வேகம் குறைந்துதான் சுருதி இறங்கியது என்றால், 3 நிமிடப் பகுதி சுமார் 11 விநாடி கூடுதலாக ஓடும். நேரம் சரியாக இருந்தால் குழு சேர்த்த சுருதியே அதுதான்.

சுருதி சேர்க்க அளவாகக் கொள்ளும் 'ஏ' சுரம் இன்று 440 ஹெர்ட்ஸ், அதாவது 6 கட்டை. பழைய வாத்தியக் குழுக்கள் பெரும்பாலும் 415-க்குச் சேர்க்கின்றன. அது 5½ கட்டை. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் சுருதி வேறு. 415 என்பது இக்காலக் குழுக்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பொது அளவு. விவால்டியின் ஊரான வெனிஸில் சுருதி உயர்ந்திருந்தது என்பதால் விவால்டியை 440-க்கே வாசிக்கும் குழுக்களும் உண்டு. சி.டி. மாற்றினால் மறுபடி சோதியுங்கள்.

ட்யூனரில் ஏ-யை 415 என்று வைத்து நான்கு தந்திகளையும் இறக்குங்கள். இழுவிசை சுமார் 11 சதவீதம் குறைவதால், நான்காவது தந்தியைச் சேர்க்கும்போது முதலில் சேர்த்தது நகர்ந்திருக்கும். இரண்டு மூன்று சுற்று வர வேண்டும். தந்தியை முறுக்கும் பிரடையை உள்ளே அழுத்தியபடியே திருப்புங்கள், இல்லாவிட்டால் வழுக்கும். தந்திகளைத் தாங்கும் குதிரை சாய்ந்திருக்கிறதா என்று கடைசியில் பாருங்கள். பாடகருக்கேற்பச் சுருதி மாற்றும் கர்நாடக வித்வான்களுக்கு இது பழகிய வேலைதான்.

ஆனால் ஞாயிறுதோறும் கோயிலில் கீபோர்டோடு வாசிப்பவர் என்றால் இதைச் செய்யாதீர்கள். ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தால் தந்தி எதிலும் நிலைக்காது. கணினியில் ஆடாசிட்டி போன்ற மென்பொருளில், வேகத்தை மாற்றாமல் பதிவின் சுருதியை மட்டும் அரைக்கட்டை ஏற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பரோக் வாத்தியப் பதிவுகளில் கேட்கும் அந்த மெல்லிய கரகரப்புக்காக என் வயலினில் குடல் தந்தி (விலங்குக் குடலில் செய்தது) பூட்டலாமா?
– வாசகி, தென்காசி

பதில்: தாராளமாக. ஏ, டி இரண்டில் மட்டும் தொடங்குங்கள். குடலில் 'ஈ' மெலிது, சீக்கிரம் அறுந்துவிடும். ஃபைன் ட்யூனரின் (சுருதியை நுணுக்கமாகத் திருத்தும் சிறு திருகின்) கொக்கி குடலை வெட்டும்; அதைக் கழற்றிவிட்டு, முடிச்சுப் போட்டு மாட்டுங்கள். குடல் தந்தி தடிமன். பிரடைப் பக்கத்து மேட்டில் தந்தி படியும் பள்ளம் இறுக்கமாக இருந்தால் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அகலப்படுத்துங்கள், பிறகு அதில் பென்சில் கரி தடவுங்கள். புதுத் தந்தி நிலைக்கச் சில நாள் ஆகும். ஈரத்தை உறிஞ்சும் பொருள் என்பதால், சாரல் காலத்தில் வாசிக்கும் அறையிலேயே அரை மணி நேரம் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுப் பிறகு சுருதி சேருங்கள்.