கடைசியில் வரும் 'இல்லை'

அன்புள்ள ஐயா,

வானொலிச் செய்திப் பிரிவில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. 30 நொடி அவசரச் செய்தி எழுதுவதுதான் வேலை. "தாளில் சரி, காதில் நிற்கவில்லை" என்று ஆசிரியர் திருப்பித் தந்துவிடுகிறார். நேற்று எழுதியது இது: "நள்ளிரவு முதல் பெய்துவரும் கனமழை காரணமாக ஆற்றின் குறுக்கே அமைந்துள்ள பாலத்தின் ஒரு பகுதி இன்று அதிகாலை இடிந்து விழுந்ததில் மூவர் பலியாகியிருக்கலாம் என அஞ்சப்படுகிறது." என்ன குறை?

ம.

அன்புள்ள ம.,

வாய்விட்டுப் படித்தேன். 'விழுந்ததில்' வருவதற்குள் மூச்சு முட்டிவிட்டது. அதுவரை கேட்பவருக்கு இது மழைச் செய்திதான். தமிழில் வினை கடைசியில் வரும். படிக்கிறவர் கண் முன்னால் ஓடிப்போய் அதைப் பார்த்துவிடும். காது காத்துக்கிடக்க வேண்டும். "ஆற்றுப் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்திருக்கிறது." அங்கேயே முற்றுப்புள்ளி. அதிகாலை, மழை எல்லாம் அப்புறம்.

அதிருக்கட்டும், 'அஞ்சப்படுகிறது' என்றால் யார் அஞ்சுகிறார்கள்? காவல் துறையைக் கேட்டால் 'மூன்று பேரைக் காணவில்லை' என்றுதான் சொல்லியிருப்பார்கள். அப்படியே எழுதுங்கள், அவர்கள் சொன்னதாக. 'பலி'யும் வேண்டாம். வாசிப்பவர் நாக்கு கொஞ்சம் பிசகினால் அது 'பழி'. 'இறந்தார்கள்' போதும்.

இத்தனை நொடிக்கு இத்தனை சொல் என்று எண்ணாமல், கடிகாரத்தை வைத்துப் படித்துப் பாருங்கள். கையில் இருக்கும் தகவல் 18 நொடிக்குத்தான் வருமென்றால் 18 நொடியில் நிறுத்திவிடலாம். 1930 ஏப்ரல் 18 அன்று பிபிசி வானொலி, செய்தி ஏதும் இல்லை என்று அறிவித்துவிட்டு பியானோ இசை போட்டது. உங்கள் ஆசிரியர் அந்த அளவுக்கு விடமாட்டார்!

நான் பட்ட பாட்டையும் சொல்கிறேன். ஒருமுறை, "அணை உடைந்துவிட்டதாகப் பரவும் செய்தியில் உண்மை இல்லை" என்று எழுதினேன். இலக்கணப் பிழை கிடையாது, தகவல் பிழையும் கிடையாது. வாசித்து முடிப்பதற்குள் தொலைபேசி அடித்தது. "அணை உடைஞ்சிடுச்சாமே, நாங்க கிளம்பணுமா?" அந்த அம்மா 'அணை உடைந்துவிட்டதாக' வரைக்கும் கேட்டிருக்கிறார். என் 'இல்லை' வந்தபோது அவர் எண்ணைச் சுழற்றிக்கொண்டிருந்தார். தப்பு அவருடையதா என்ன?

இன்றைக்கு எழுதினால், "அணை பத்திரமாக இருக்கிறது. பொறியாளர்கள் சற்று முன் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்" என்று தொடங்குவேன். 'உடைந்து' என்ற சொல்லையே எடுக்கமாட்டேன்.