பழைய ஹாரியரை எதுக்கு வாங்குனாங்க? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஓடுபாதை இல்லாம நேரா மேல எழும்பற ஹாரியர் போர் ஜெட்டை பிரிட்டன் ஓரங்கட்டுச்சு, அதையெல்லாம் அமெரிக்கா மொத்தமா வாங்குச்சுன்னு படிச்சேன். பழசை வெச்சு என்ன பண்ணுவாங்க?

பதில்: பறக்க விடறதுக்கு இல்லங்க, கழட்டறதுக்கு. 2010 டிசம்பர்ல பிரிட்டன் செலவைக் குறைக்கிறோம்னு ஹாரியரை மொத்தமா நிறுத்துச்சு, அடுத்த வருஷமே 72 விமானத்தை ஸ்பேர் பார்ட்ஸோட சேர்த்து சுமார் 18 கோடி டாலருக்கு அமெரிக்க மரைன் படை வாங்கிக்கிச்சு. அவங்க அப்போ ஓட்டுன ஹாரியரான ஏவி-8பி-யும் பிரிட்டன் வித்த ஹாரியரான ஜிஆர்9-உம் கிட்டத்தட்ட ஒரே வீட்டுப் பிள்ளைங்க, அதனால நிறைய பாகம் ஒண்ணுக்கொண்ணு பொருந்தும். நல்ல விமானத்தை இப்படிப் பிரிச்சு எடுக்கறாங்களேன்னு மனசு வலிக்குது, ஆனா மரைன் படை பண்ணது சரியான முடிவுதான்.

கேள்வி: ஸ்பேருக்கு ஏன் அவ்ளோ மவுசு?

பதில்: எல்லாமே அந்த ஒரே ஒரு பெகாசஸ் என்ஜினை நம்பித்தான் இருக்கு. அதுக்கு நாலு நாசில் (காத்து, புகை வெளிய வர்ற திரும்பற வாய்), முன்னாடி ரெண்டுல ஃபேன் தள்ளுற குளிர்ந்த காத்து, பின்னாடி ரெண்டுல சூடான புகை, நாலும் ஒண்ணா கீழ திரும்புனாத்தான் விமானம் நேரா மேல எழும்பும். அந்தரத்துல நிக்கும்போது இறக்கையால பிரயோஜனம் இல்ல, அதனால என்ஜின்லேர்ந்தே காத்தை உருவி மூக்கு, வால், இறக்கை நுனி வழியா பீச்சித்தான் பேலன்ஸ் பண்ணுவாங்க, அந்தக் குழாய், வால்வு எல்லாம் சாதாரண ஜெட்ல கிடையவே கிடையாது. இன்னொண்ணு, என்ஜினை மாத்தணும்னா முதல்ல மேல இருக்கற முழு இறக்கையையும் தூக்கி எடுக்கணும், நம்பறதுக்குக் கஷ்டமா இருந்தாலும் அதோட டிசைனே அப்படித்தான்.

கேள்வி: அதுல கொஞ்சம் நம்ம கடற்படையும் வாங்கியிருக்கலாமே?

பதில்: பெருசா உதவியிருக்காது. நம்மகிட்ட இருந்தது சீ ஹாரியர், அதாவது கடற்படைக்கான முதல் தலைமுறை ஹாரியர். 1982-ல பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதுன ஃபாக்லாந்து போர்ல வான் சண்டையில ஒண்ணைக்கூட இழக்காம 20 அர்ஜென்டினா விமானத்தை வீழ்த்துன அதே குடும்பம். பிரிட்டன் வித்தது ரெண்டாம் தலைமுறை, இறக்கை வேற, உடம்பு வேற, பெகாசஸ்லயும் வேற மாடல். 2006-ல பிரிட்டனே சீ ஹாரியரை விட்டதுக்கு அப்புறம் உலகத்துல அதை ஓட்டுனது நாம மட்டும்தான், அப்புறமும் பத்து வருஷம், 2016 வரைக்கும் விராட் விமானம் தாங்கிக் கப்பல்லேர்ந்தும் கோவா தளத்துலேர்ந்தும் பறக்க வெச்சாங்க. அந்த டெக்னீஷியன்களைப் பத்தி யாருமே பேச மாட்டேங்கறாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தம். தாய்லாந்து கதையைப் பாருங்க, 1997-ல புது விமானம் தாங்கிக் கப்பல், அதுக்கு ஸ்பெயின்கிட்ட செகண்ட்ஹேண்டா ஹாரியர், கொஞ்ச வருஷத்துலயே ஸ்பேர் இல்லாம பெரும்பாலானது தரையிலயே நின்னுருச்சு.

கேள்வி: இதே மாதிரி நேரா எழும்பற புது ஜெட் எஃப்-35பி-க்கும் இதே கதி வருமா?

பதில்: உடனே வராது. அமெரிக்கா, பிரிட்டன், இத்தாலி, ஜப்பான்னு பல நாடு ஒரே மாடலை வாங்குது, உற்பத்தியும் இன்னும் ஓடுது. ஆனா அதுல காக்பிட்டுக்குப் பின்னாடி விமானத்தை மேல தூக்கறதுக்குத் தனியா ஒரு லிஃப்ட் ஃபேன், அதைச் சுத்த என்ஜின்லேர்ந்து ஷாஃப்ட், கிளட்ச், கியர்பாக்ஸ், பின்னாடி வளையற நாசில்னு ஹாரியரைவிட சுழல்ற சாமான் ஜாஸ்தி. வாங்குற நாடு விமானத்துக்குக் கையெழுத்து போடும்போதே இதுக்கெல்லாம் ஸ்பேரையும் சேர்த்து எழுதி வாங்கிடணும், அதுவும் உற்பத்தி லைன் ஓடிட்டு இருக்கும்போதே.