மகள் பைலட் ஆக வேண்டும் என்கிறாள், என்ன செய்வது?

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சம்பளம் எவ்வளவு வரும், கடன் எப்போது அடையும், பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பா என்று எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் ரோஸ்டர் என்னும் வேலை அட்டவணையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இது குறை இல்லை, வெளியில் இருந்து பார்ப்பவர்கள் யாருமே கேட்பதில்லை. பைலட்டுகளிடம் பேச உட்கார்ந்தால் மட்டும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்பார்கள். எந்த நாள் வேலை, எந்த நாள் லீவு, எந்த ஊரில் இரவு என்று மாதாமாதம் வரும் அந்த அட்டவணைதான் இந்த வேலையின் பாதி.

எனக்குத் தெரிந்த கேப்டன் ஒருவர் தன் போனில் ஒரு நாளைக் காட்டினார். காலை 5 மணிக்கு ரிப்போர்ட்டிங், அதற்கு மூன்றரைக்கு எழ வேண்டும். நான்கு செக்டார், அதாவது ஓர் ஊரில் ஏறி இன்னோர் ஊரில் இறங்கும் பயணம் நான்கு, ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணி நேரம். நடுவில் இறங்கி, ஆளை ஏற்றி, எண்ணெய் போட்டு, ஒரு தடவை இரண்டு மணி நேரம் தாமதமாகி, கடைசியில் மாலை 3 மணிக்குத்தான் கையெழுத்துப் போட்டு வெளியே வந்திருக்கிறார். மொத்தம் பத்து மணி நேரம். பறந்த நேரத்தைக் குறித்து வைக்கும் லாக்புக்கில் ஏறியது ஐந்து. பல நிறுவனங்களில் சம்பளத்தின் பெரும்பகுதி இந்த ஐந்தை வைத்துத்தான், அதாவது விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து போய் நிற்பது வரைக்கும். தாமதத்தில் உட்கார்ந்திருந்த நேரத்துக்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பன்னிரண்டு மாதத்தில் 1000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு 'ஆபீஸ் வேலையில் பாதிதானே' என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். மீதி எங்கே போகிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

சரி, பணம். பயணிகள் விமான வேலைக்கு வரும் முன் மூன்று செலவு இருக்கிறது, பலர் முதல் ஒன்றைத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஒன்று, கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்: சர்வதேச விதிப்படி பொதுவாக 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற பயிற்சி என்றால் 150. இரண்டாவது, டைப் ரேட்டிங்: ஏர்பஸ் 320 ஓட்டத் தனிப் பயிற்சி, போயிங் 737க்குத் தனிப் பயிற்சி. இதை நிறுவனம் கொடுக்குமா, நீங்கள் கட்ட வேண்டுமா, நிறுவனமே கொடுத்தால் எத்தனை வருஷம் பாண்ட் என்பது இடத்துக்கு இடம் மாறும், கேட்காமல் விடாதீர்கள். மூன்றாவது செலவுக்கு ரசீதே கிடையாது. லைசென்ஸ் கையில் வந்த பிறகு வேலை கிடைக்கும் வரை சும்மா இருக்கும் மாதங்கள். கடன் தவணை அப்போதும் வரும், லைசென்ஸ் காலாவதியாகாமல் இருக்க அவள் அவ்வப்போது பறந்துகொண்டும் இருக்க வேண்டும். இந்த இடைவெளி ஒரு வருஷமோ அதற்கு மேலோ நீண்டால் வீடு தாங்குமா என்று முதலில் பாருங்கள், தாங்காது என்றால் இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அப்புறம் சீனியாரிட்டி. வெளியாட்களுக்கு இது புரிவதே இல்லை. பல பெரிய நிறுவனங்களில் நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதைவிட எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள் என்பதுதான் முக்கியம். நல்ல ரூட், நல்ல லீவு, பெரிய விமானம், கேப்டன் பதவி எல்லாம் அந்த வரிசைப்படிதான். கடைசியில் நிற்பவருக்கு மற்றவர்கள் வேண்டாம் என்றது கிடைக்கும், இல்லாவிட்டால் ஸ்டாண்ட்பை: பையைக் கட்டி வைத்துக்கொண்டு, கூப்பிட்டால் போக வேண்டும், கூப்பிடாவிட்டால் நாள் போச்சு. நிறுவனம் மாறினால் இருபது வருஷ அனுபவம் இருந்தாலும் திரும்ப வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியிருக்கும். அதனால்தான் பிடிக்காத இடத்திலும் ஒட்டிக்கொண்டு இருப்பார்கள். தொழில் சரியும்போது கடைசியில் சேர்ந்தவர்தான் முதலில் வெளியே. 2001, 2008, 2020 என்று இருபது வருஷத்துக்குள் மூன்று தடவை அப்படி நடந்ததை இந்தத் துறையில் இருப்பவர்கள் மறக்கவில்லை.

ஆரம்ப காலச் சிரமம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன், பயமுறுத்த இல்லை. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவில் பஃபலோ நகருக்கு அருகே ஒரு விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் தவறாகக் கையாண்டதுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. ஆனால் அதே விசாரணையில் இன்னொன்றும் வெளியே வந்தது. துணை விமானி சியாட்டில் பக்கத்தில் பெற்றோர் வீட்டில் இருந்தவர், வேலைக்கு நாட்டின் மறு கோடியில் உள்ள நுவார்க் வரை ராத்திரியோடு ராத்திரியாக வேறு விமானங்களில் வந்து சேர்ந்திருக்கிறார். சிறிய விமான நிறுவனங்களின் சம்பளமும் பைலட்டுகளின் தூக்கமும் அங்கே பெரிய பேச்சாயின. பயணிகள் விமானத்தில் துணை விமானிக்கும் பொதுவாக 1500 மணி நேர அனுபவம் வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 2013இல் வந்தது அதன் பின்விளைவாகத்தான்.

பாதுகாப்பா என்று கேட்டீர்களே, நான் கேட்ட வரையில் பெண் பைலட்டுகள் சொல்லும் கஷ்டமும் ஆண்கள் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றுதான், தூக்கம். நடுப்பகலில் ஹோட்டல் அறையில் திரைச்சீலை நடுவில் வெளிச்சம் வராமல் இருக்க, பேன்ட் மாட்டும் ஹேங்கரின் கிளிப்பைக் கழற்றிப் போட்டுத் தூங்குவார்கள். எழுந்ததும் இருட்டில் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுவரைத் தடவுவார்கள். வீட்டு விசேஷத்தை வீடியோ காலில் பார்ப்பார்கள். குழந்தை பிறந்த பிறகு இது இன்னும் கடினம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு: வேலை முடிந்து விமானத்தை விட்டு இறங்கினால் முடிந்தது, வீட்டுக்கு ஃபைல் எடுத்து வருவதில்லை, தொடர்ந்து நான்கு நாள் லீவு கிடைத்தால் அது முழுசாக அவர்களுடையது. ஆபீஸ்காரர்கள் இதற்குப் பொறாமைப்படலாம்.

பரீட்சை பயம் உள்ள பிள்ளையா என்பதையும் பாருங்கள். படிப்போடு முடியாது. பல நிறுவனங்களில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சிமுலேட்டரில், அதாவது தரையில் இருக்கும் மாதிரி விமான அறையில், எஞ்சின் நெருப்பு, எஞ்சின் நின்றுபோவது என்று சோதிப்பார்கள், ஓய்வு பெறும் வரை இது ஓயாது. சர்வதேசப் போக்குவரத்தில் வயது வரம்பு 65. நாற்பது வருஷம் தேர்வு எழுதுவது சிலருக்குப் பிடிக்கும், சிலருக்கு உயிரை வாங்கும்.

இப்போது முதல் வேலை என்ன என்று கேட்டால், கிளாஸ் 1 மெடிக்கல், அதாவது பைலட் வேலைக்கான உடல் தகுதிச் சோதனை. கட்டணம் கட்டிய பிறகு நிறக்குருடு இருக்கிறது என்று தெரிந்து அழுத குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடி போட்டால் பைலட் ஆக முடியாது என்பது பழைய கதை, கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. நிறம், காது, இதயம், வலிப்பு சார்ந்த விஷயங்களை மட்டும் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். இந்தச் சான்று குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியது, ஒரு நோய் வந்தால் சம்பளம் நிற்கலாம். எனவே வேலை கிடைத்த மாதமே லைசென்ஸ் இழப்புக் காப்பீடு எடுக்கச் சொல்லுங்கள்.

மெடிக்கல் முடிந்ததும் ஒரு பயிற்சிப் பள்ளியில் ஒரு மணி நேரம் பயிற்றுநருடன் பறக்க விடுங்கள், வாந்தி வருகிறதா, இறங்கி வந்து வாய் ஓயாமல் பேசுகிறாளா என்று பாருங்கள். வேலைக்கு வந்து நான்கைந்து வருஷம் ஆன ஒரு பைலட்டையும், இருபது வருஷம் ஆன ஒருவரையும் அவளே பார்த்துப் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம். வேலை பிடிக்குமா என்று கேட்டால் பிடிக்கும் என்றுதான் சொல்வார்கள், போன மாதம் எதைத் தவறவிட்டீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.

மெடிக்கல் முடிவு வந்ததும் எழுதுங்கள், பயிற்சிப் பள்ளி பற்றி அப்போது பேசலாம். அதுவரை யார் எவ்வளவு தள்ளுபடி தருகிறேன் என்றாலும் அட்வான்ஸ் கட்ட வேண்டாம்.