பிளாஸ்டிக் சர்ஜரி மாநாட்டுக்கு யார் போகலாம், எதைப் பார்க்கலாம்? – கேள்வி பதில்

இந்த ஆண்டு மாநாட்டுக்குக் கிளம்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி யூனிட்டை நடத்துகிறவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எம்.சி.எச். (பிளாஸ்டிக் சர்ஜரி மேற்படிப்பு) முதலாம் ஆண்டு படிக்கிறேன். எந்த மாநாட்டுக்கு முதலில் போவது? (மதுரை)

1957-ல் தொடங்கிய இந்திய பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் ஆப்சிகான் (APSICON) மாநாடுதான் நம் துறையின் பெரிய கூட்டம். அங்கே ஒரே நேரத்தில் பல அரங்குகளில் நிகழ்ச்சி நடக்கும், புதிதாகப் போகிறவருக்குத் திக்குத் தெரியாது. கை, மைக்ரோசர்ஜரி (மைக்ராஸ்கோப் வைத்துச் செய்யும் நுண் அறுவை சிகிச்சை), தீக்காயம், உதட்டுப் பிளவு, அழகியல் என்று தனித்தனி மாநாடுகளும் உண்டு. உங்கள் யூனிட்டில் எந்த கேஸ் அதிகம் வருகிறதோ அதற்கான சிறிய மாநாட்டுக்கு முதலில் போங்கள். அங்கே பெரியவர்களிடம் நேரில் பேச முடியும்.

கேள்வி: பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். டாக்டர் என்னையும் வரச் சொல்கிறார். எல்லாம் சர்ஜன்களுக்கான பேச்சுதானே, எனக்கு அங்கே என்ன இருக்கிறது? (திருநெல்வேலி)

சிஸ்டர், கட்டாயம் போங்கள். பத்து மணி நேரம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து, முடியை விட மெல்லிய 10-0 நூலால் ரத்தக்குழாயை இணைத்துவிட்டு சர்ஜன் வீட்டுக்குப் போய்விடுவார். இரவு இரண்டு மணிக்கு டார்ச் அடித்து அந்த ஃப்ளாப்பை, அதாவது வேறிடத்திலிருந்து எடுத்துப் பொருத்திய திசுவை, பார்ப்பது நீங்கள். வெளிறி, குளிர்ந்து, அழுத்தி விட்டால் நிறம் திரும்பத் தாமதமானால் தமனியில் கோளாறு. நீலம் பாரித்து, வீங்கி, அழுத்தி எடுத்ததும் சட்டென்று நிறம் திரும்பினால் சிரையில் அடைப்பு. இதைக் கண்டுபிடிப்பதற்கும் நோயாளியை மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோவதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் பெரும்பாலும் ஃப்ளாப் பிழைக்கும்.

அதனால் சிக்கல்களைப் பற்றிய அமர்வு எப்போது என்று பார்த்து அதில் உட்காருங்கள். உங்கள் வார்டின் கண்காணிப்பு சார்ட்டை ஒரு பிரதி கையில் வைத்துக்கொள்ளுங்கள். டீ இடைவேளையில் வேறு ஆஸ்பத்திரி சிஸ்டரிடம் காட்டி, "உங்களிடம் எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை பார்க்கிறீர்கள், சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுகிறீர்கள், நேரே சர்ஜனுக்கே போன் போடலாமா?" என்று கேளுங்கள். மேடைப் பேச்சு பாதி புரியாவிட்டாலும் இந்தப் பேச்சு முழுதாகப் புரியும். பதிவு செய்யும்போதே நர்சிங் கவுன்சில் அங்கீகரித்த கல்வி மணி நேரம் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

கேள்வி: கிளினிக் மேனேஜர் நான். மாநாட்டில் கம்பெனிகள் போடும் ஸ்டால்களைப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்? (கோயம்புத்தூர்)

மாநாட்டு விலை இன்று மட்டும்தான் என்பார்கள். அங்கேயே அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் உரிமம், சர்வீஸ் இன்ஜினியர் எந்த ஊரில் இருக்கிறார், ஒரு கேஸுக்கு டிஸ்போசபிள் (ஒரு முறை பயன்படுத்தி எறியும் பொருள்) செலவு எவ்வளவு – இந்த மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

இம்ப்ளான்ட் (உடலுக்குள் வைக்கும் செயற்கைப் பொருள்) விற்பவரிடம் இன்னும் ஒன்று கேளுங்கள்: திரும்பப் பெற நேர்ந்தால் எப்படித் தெரிவிப்பீர்கள்? 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் சொரசொரப்பு மேற்பரப்பு மார்பக இம்ப்ளான்ட்களை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அரிய வகை லிம்ஃபோமா புற்றுநோயோடு அவற்றுக்குத் தொடர்பு இருந்ததுதான் காரணம். பெட்டியில் வரும் சீரியல் எண் ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டில் ஒன்று, நோயாளியின் கையில் ஒன்று என்று இருந்தால்தான் அந்த மாதிரி நாளில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியும். இது மேனேஜரின் வேலை, ரொம்ப முக்கியமான வேலை.

கேள்வி: ஒரு மருந்து கம்பெனி எனக்கும் மனைவிக்கும் ஃப்ளைட் டிக்கெட், ரூம் போட்டுத் தருகிறேன் என்கிறது. வாங்கலாமா? (சேலம்)

வேண்டாம். 2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நெறிமுறைப்படி, உரையாற்றுகிறவர் அல்லாத மருத்துவருக்குப் பயணமும் தங்குமிடமும் கம்பெனி தரக்கூடாது. குடும்பத்தாருக்கும் தரக்கூடாது.

கேள்வி: மாநாட்டில் முதல் முறை ஆய்வுக் கட்டுரை வாசிக்கிறேன். நோயாளியின் படங்களைக் காட்டுவதில் என்ன கவனிக்க வேண்டும்? (சென்னை)

கண்ணில் கறுப்புப் பட்டை போட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், போதாது. மச்சம், பச்சை குத்தியது, மூக்குத்தி ஆகியவற்றை வைத்தே ஊர்க்காரர் அடையாளம் சொல்லிவிடுவார். மாநாட்டில் காட்டப்போகிறேன் என்று தமிழில் தெளிவாக எழுதி, வாசித்துக் காட்டி, தனியாகக் கையெழுத்து வாங்குங்கள். ஆபரேஷன் சம்மதப் படிவத்தின் கடைசி வரியில் அதைச் சேர்த்து ஒப்பேற்றக்கூடாது.

அப்புறம், முன்பும் பின்பும் எடுத்த படங்களில் ஒரே தூரம், ஒரே வெளிச்சம், ஒரே பின்னணி இருக்க வேண்டும். பின்பு எடுத்த படத்தில் மட்டும் மேக்கப்பும் சிரிப்பும் இருந்தால் அதை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எத்தனை மாதம் கழித்து எடுத்த படம் என்றும் ஸ்லைடிலேயே எழுதுங்கள். முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: கை பிசியோதெரபிஸ்ட். எனக்கு இடம் உண்டா? (வேலூர்)

உண்டு. மடக்குத் தசைநாரைத் தைத்த விரல் மடங்குவதில் பாதி உங்கள் கையில்தான் இருக்கிறது. கை அறுவை சிகிச்சை மாநாட்டைத் தேர்ந்தெடுங்கள், ஸ்பிளின்ட் (கையை அசையாமல் தாங்கும் கட்டை) செய்யும் பயிற்சி இருந்தால் முதல் ஆளாகப் பெயர் கொடுங்கள்.

கேள்வி: எல்லோரும் கிளம்பினால் வார்டை யார் பார்ப்பது? (தஞ்சாவூர்)

எல்லோரும் கிளம்பக்கூடாது. இந்த ஆண்டு பாதிப் பேர், அடுத்த ஆண்டு மீதிப் பேர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஃப்ரீ ஃப்ளாப் (ரத்தக்குழாயை இணைத்துத் திசுவை வேறிடத்தில் பொருத்தும்) கேஸ்களுக்கு ஆபரேஷன் தேதி கொடுக்காதீர்கள். அவசர விபத்து கேஸ் வந்தால், அதைச் செய்கிற சர்ஜன் தன் டிக்கெட்டை ரத்து செய்துவிட வேண்டும்.