காசு கொடுத்து வாங்கிய பாடல்கள் புதிய கணினியில் திறக்கவில்லை. இப்படிப் பூட்டுப் போடும் இசை நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்து யாராவது வென்றிருக்கிறார்களா?

நீதிமன்றத் தீர்ப்பாக இல்லாவிட்டாலும், சமரசமாக வென்றிருக்கிறார்கள். அதைச் சொல்வதற்கு முன் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் என் கணினித் திரையில் வந்த அந்தச் சாம்பல் நிறச் செய்திப் பெட்டிதான் எனக்குக் கண்முன் வந்தது.

நீங்களும் என்னைப் போல இணையக் கடையில் ஒவ்வொரு பாடலாகத் தேர்ந்தெடுத்து வாங்கியவராகத்தான் இருப்பீர்கள். திருட்டுத்தனமாக இறக்கியவர்களுக்கு இந்தத் தொல்லை வருவதே இல்லை.

இரண்டு ஆண்டுகளில் 212 பாடல்கள் வாங்கியிருந்தேன். அக்கா அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம் படுக்கையில் இருந்தபோது அவைதான் அவளுக்குத் துணை. அந்த நேரம் பார்த்துக் கணினியின் ஹார்ட் டிஸ்க் பழுதானது. நான் பதறவில்லை, கோப்புகளை எல்லாம் குறுந்தகடுகளில் படியெடுத்து வைத்திருந்தேன். புதிய டிஸ்க்கில் ஏற்றி முதல் பாடலைத் திறந்தேன். "இக்கோப்பை இயக்க உங்களிடம் உரிமம் இல்லை" என்று ஒரு பெட்டி. அடுத்த பாடலுக்கும் அதே பெட்டி. கோப்பு இருக்கிறது, அளவு சரியாக இருக்கிறது, பாட்டு மட்டும் வரவில்லை. "நீ இதையெல்லாம் காசு கொடுத்துத்தானே வாங்கினாய்?" என்று அக்கா கேட்டாள். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

ரசீதுகள் அனைத்தையும் இணைத்துக் கடைக்கு எழுதினேன். உரிமத்தை, அதாவது பாட்டைத் திறக்கும் சாவி போன்ற கோப்பை, தனியாகச் சேமித்து வைத்திருக்க வேண்டும் என்று முதல் பதில். அனுமதித்த கணினிகளின் எண்ணிக்கை முடிந்துவிட்டது என்று இரண்டாவது பதில். மூன்றாவது கடிதத்துக்குப் பதிலே இல்லை. பிறகு அந்தக் கடையையே மூடிவிட்டார்கள். உரிமம் கொடுக்கும் சர்வரும் அதோடு போயிற்று.

"திருட்டுக்கு வக்காலத்து வாங்குகிறாயா" என்று கீழே யாரும் எழுத வேண்டாம். என் அண்ணன் ஸ்டுடியோக்களில் வயலின் வாசித்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். பாட்டைத் திருடினால் யார் வயிற்றில் அடி விழும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வாங்கியவனைச் சந்தேகிக்கும் பூட்டு எப்படி நியாயம் என்பதுதான் என் கேள்வி.

இப்போது வழக்குகளுக்கு வருகிறேன். நீங்கள் முதலில் அறிய வேண்டியது அமெரிக்காவில் 2005ல் நடந்த சோனி பிஎம்ஜி விவகாரம். அந்த நிறுவனம் விற்ற பல இசைக் குறுந்தகடுகளைக் கணினியில் போட்டால், நகலெடுப்பதைத் தடுக்கும் எக்ஸ்சிபி என்ற மென்பொருள் உள்ளே போய் ஒளிந்துகொண்டது. மார்க் ருசினோவிச் என்ற கணினி வல்லுநர் அக்டோபர் 31 அன்று இதை வெளியில் சொன்னார். டாலர் குறியில் தொடங்கும் ஒரு குறிப்பிட்ட முன்னொட்டைப் பெயரில் கொண்ட எந்தக் கோப்பையும் அது கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும். சில நாட்களிலேயே நச்சுநிரல் எழுதுபவர்கள் தங்கள் கோப்புகளுக்கும் அதே முன்னொட்டைச் சூட்டி அந்த மறைவிடத்தில் குடியேறினார்கள். நீக்குவதற்கென்று முதலில் கொடுத்த கருவியோ, இன்னும் பெரிய ஓட்டையைத் திறந்துவிட்டது.

நவம்பர் 21 அன்று டெக்சாஸ் மாநில அட்டர்னி ஜெனரல், உளவு மென்பொருள் தடைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தார். அதே நாளில், இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு நுகர்வோர் சார்பில் வழக்குப் போட்டது. 2006 மே மாதம் நியூயார்க் நீதிமன்றம் சமரசத்துக்கு இறுதி ஒப்புதல் அளித்தது. எக்ஸ்சிபி தகடு வாங்கியவர்களுக்குப் பூட்டில்லாத மாற்றுத் தகடு கிடைத்தது. அதோடு 7.50 டாலரும் ஒரு ஆல்பமும், அல்லது பணத்துக்குப் பதில் மூன்று ஆல்பங்கள். 2007 ஜனவரியில், அந்த மென்பொருளை நீக்கப்போய்க் கணினி பழுதானவர்களுக்கு 150 டாலர் வரை தர வேண்டும் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்துடன் உடன்பாடு ஏற்பட்டது. ஒரு வாரம் கணினியோடு மல்லுக்கட்டியவனுக்கு இது பெரிய தொகை இல்லை. ஆனாலும் நிறுவனம் இறங்கி வந்தது, அதை நான் சிறிதாக நினைக்கவில்லை.

எதிர்த்திசையிலும் மிரட்டல்கள் பறந்தன. 2003ல் பிரின்ஸ்டன் மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மேன், நகலெடுப்பதைத் தடுக்கும் ஒரு மென்பொருளை ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே தகட்டைப் போட்டால் தவிர்த்துவிடலாம் என்று எழுதினார். அந்த மென்பொருளைத் தயாரித்த சன்காம் நிறுவனம் அவர்மீது வழக்குப் போடப்போவதாக அறிவித்து, அடுத்த நாளே பின்வாங்கியது. ஒரு விசையை அழுத்தச் சொன்னது குற்றமா? 1998ல் வந்த டிஎம்சிஏ என்ற அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் பூட்டை உடைப்பதையே குற்றமாக்கியதால்தான் இப்படி மிரட்ட முடிந்தது.

இதை எழுதும்போது இன்னொரு ஆற்றாமையும் சேர்ந்து வருகிறது. தகட்டுக்குள் மென்பொருளை ஒளித்துவைக்க ஆள் வைத்துச் செலவு செய்கிறார்கள். அதே தகட்டின் அட்டையில் வயலின் வாசித்தவர் பெயரைப் போட இரண்டு அங்குல இடம் கிடைக்கவில்லை. அண்ணன் எத்தனையோ பதிவுகளில் வாசித்திருக்கிறார். அவர் பெயர் அச்சான அட்டை ஒன்றுகூட வீட்டில் இல்லை. "கலைஞர்களைக் காக்கத்தான் இந்தப் பூட்டு" என்று அவர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். கேள்விக்குத் தொடர்பில்லை என்று தெரியும், ஆனாலும் சொல்ல வேண்டும்.

உங்கள் விஷயத்தில், இணையத்தில் கிடைக்கும் பூட்டுடைக்கும் கருவிகளைத் தேடி ஓடாதீர்கள். பல நாடுகளில் அது சட்டப்படி தவறு, அவற்றோடு நச்சுநிரலும் வரலாம். ரசீதுகளைத் திரட்டி, பூட்டில்லாத கோப்பு தாருங்கள் அல்லது பணத்தைத் திருப்புங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். 2009ல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையே பாடல்களின் பூட்டைக் கழற்றிவிட்டது, அதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். என்ன பதில் வந்தது என்று இங்கே எழுதுங்கள், நான் காத்திருக்கிறேன்.